வேடசந்தூர் முட்காடுகளும் மரம் நடும் திட்டங்களும்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில், குடகனாற்றின் கரையில் அமைந்த ஊர் வேடசந்தூர். இதே பெயருடைய வட்டத்தில்தான் வடமதுரையும் அய்யலூரும் உள்ளன. பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர், திண்டுக்கல் பக்கங்களைக் கடந்து இங்கு வந்து, பின்னர் கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கிறது. ஆற்றின் பிற்பகுதியில் இருப்பதால் மேலே மழை பெய்து, அணையும் கால்வாய்களும் விட்டது போக மிஞ்சினால்தான் இங்கே தண்ணீர். மற்றபடி செம்மண், கரடு, முட்செடி, வடகிழக்குப் பருவமழை ஆகியவையே இவ்வட்டத்தின் இயற்கை.

இந்த முட்காட்டை அரசு ஆவணங்கள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக எவ்வாறு பார்த்தன, அதை 'சீர்செய்ய' எந்தெந்த மரங்கள் எப்போது வந்தன, அவற்றுள் எது காட்டை மீட்டது, எது மீட்கவில்லை என்பதைக் காலவரிசையில் கூறுவதே இக்கட்டுரை. பெரிய மலைக்காடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வேடசந்தூர் போன்ற வறண்ட சமவெளியின் காட்டு வரலாற்றைப் பாடநூலில் தேடினால் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தரிசு என்னும் சொல்

தமிழ் இலக்கணம் நிலத்தை ஐந்தாகப் பிரித்தது. அதில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்த வழியைச் சொல்லும் காடுகாண் காதையில் நம் சிறுமலையும் இடம்பெறுகிறது. அதாவது, இப்பகுதியைக் கடந்த பழைய புலவர் அதைக் காடு என்றுதான் அறிந்திருந்தார். வறண்டிருந்தாலும் அது காடு.

வருவாய்த் துறைக் கணக்கில் வந்த சொற்கள் வேறு: தரிசு, புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு. வரி தராத நிலம் வெறும் நிலம் என்பது அக்கணக்கின் அடிப்படை. சுதந்திரத்திற்குப் பின்னும் இப்பார்வை மாறவில்லை. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் மண்டிய நிலமும் ஒரு வகைத் தரிசாகவே குறிக்கப்படுகிறது. அந்தக் குறிப்பின்படி பார்த்தால் உசிலும் வெள்வேலும் நிறைந்த நம் கரடுகளில் பல 'எதற்கும் பயன்படாத' நிலங்கள். பயன்படாத நிலத்தில் ஏதேனும் ஒன்றை நடலாம் அல்லவா? பின்னால் வரும் கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

விறகு, பட்டை, பஞ்சம்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரை செல்லும் இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில் எஞ்சின்கள் தொடக்கத்தில் பெருமளவு விறகில் ஓடின. நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டும், விறகோ பாதையின் இரு பக்கமும் கிடைத்தது. பெருமரம் இல்லாத முட்காட்டுக்கும் இதனால் விலை வந்தது. அடுத்த ஆண்டே 1876–78 பெரும்பஞ்சம் தொடங்கியது. பஞ்ச காலத்தில் மக்களுக்கும் மாட்டுக்கும் கடைசிப் புகலிடம் காடுதான். கிழங்கு, கீரை, இலந்தைப் பழம், தழை என்று எல்லாம் அங்கிருந்தே வந்தன.

இவற்றோடு திண்டுக்கல்லின் தோல் தொழிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோலைப் பதனிட அன்று பயன்பட்டது ஆவாரம்பட்டை. ஆவாரை சமவெளித் தரிசெங்கும் தானே முளைக்கும் செடி. பட்டை உரிப்பதற்காகச் செடியை வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். இடைவெளி விட்டு வெட்டும்வரை இது நீடித்து வரக்கூடிய வருமானம். (பிற்காலத்தில் இதே பட்டைத் தேவைக்காகத்தான் பழனி மலையின் மேற்பகுதிப் புல்வெளிகளில் ஆஸ்திரேலிய 'வாட்டில்' மரங்கள் நடப்பட்டன. மலைவாசிகள் அதைச் சீகை மரம் என்பார்கள். புல்வெளி அழிந்தது தனிக்கதை.)

இத்தனை தேவைகளும் ஒருசேர வந்தபோது காட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்றாயிற்று. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்படவில்லை. கிராமத்தார் விறகெடுக்கவும் ஆடு மாடு மேய்க்கவும் வழிவழியாக உரிமை பெற்றவர்கள் என்று இங்கிருந்த வருவாய் அதிகாரிகளே வாதாடினர். ஆங்கில ஆட்சியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல வாதம் அது. இறுதியில் வாதம் தோற்றது. ஜெர்மானிய வனவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் மதராஸுக்கு வரவழைக்கப்பட்டார். 1882இல் மதராஸ் வனச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது அதுவே. கரடுகளும் குன்றுகளும் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. கல் நட்டு எல்லை போட்டார்கள். எல்லைக்குள் ஆடு நுழைவது குற்றமாயிற்று.

சட்டத்தின் அநீதியைச் சொல்லும்போதே அன்றைய வனவியல் அறிந்திருந்த ஒரு செய்தியையும் மறைக்கக் கூடாது. வறண்ட முட்காட்டை அவர்கள் நட்டு வளர்க்க முயன்றது குறைவு. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை ஓர் ஆண்டு வெட்டிவிட்டுப் பல ஆண்டுகள் மூடி வைத்தார்கள். அப்பகுதிக்குக் கூப்பு என்று பெயர். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து புதிய தளிர்கள் வரும். தீயும் ஆடும் நெருங்காவிட்டால் சில ஆண்டுகளில் மீண்டும் புதராகி, மரமாகும். உசில், வெள்வேல், வேம்பு, ஆவாரை அனைத்தும் இவ்வாறு தழைக்கக்கூடியவை. மண்ணுக்கு மேலே மொட்டையாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் பல ஆண்டு வேர் உயிரோடு இருக்கிறது என்ற அறிவு அது. ஆடு மேய்க்கும் எவருக்கும் இது தெரியும். அரசாங்கத்துக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

கிராமத்தாரின் மனக்குறை தீரவில்லை. மாகாணமெங்கும் எழுந்த புகார்களை விசாரிக்க வனக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1913இல் அதன் பரிந்துரைகள் வெளிவந்தன. அவற்றின் விளைவாகச் சில காடுகள் கிராம வனப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன. பிற்காலத்தில் 'மக்கள் பங்கேற்பு' என்று புதுமையாகப் பேசப்பட்டதற்கு இது ஒரு முன்னோடி.

ஜமைக்காவிலிருந்து வந்த விதை

1876இல் மதராஸ் மாகாண வனப் பாதுகாவலர்களுள் ஒருவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஆர். எச். பெடோம், ஒரு வெளிநாட்டு மரத்தின் விதை வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு எழுதினார். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து நூல்கள் எழுதிய பெரும் அறிஞர் அவர். விதை ஜமைக்காவிலிருந்து வந்தது. 1877இல் இன்றைய ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. அதுதான் சீமைக் கருவேலம். எங்கள் பக்கத்தில் வேலிக்காத்தான் என்றும் சொல்வதுண்டு.

காரணம் தவறில்லை. விறகுப் பஞ்சம் இருந்தது. மழையில்லாத நிலத்தில் வளர்ந்து, வெட்ட வெட்டத் துளிர்த்து, ஆடு தின்னாத இலையுடைய மரம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் ஆடு இலையைத் தின்னாதே தவிர காயை விரும்பித் தின்னும். தின்ற காயின் விதை புழுக்கையோடு வெளிவந்து எளிதில் முளைக்கும். நட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 1950களுக்குப் பின் தென் மாவட்டங்களில் அது பரவிய வேகத்துக்கு இதுவே முக்கிய காரணம். ஆற்றுப் படுகை, கண்மாய், வாய்க்கால் என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் பிடித்துக்கொண்டது. குடகனாற்றுப் படுகையையும் விட்டுவைக்கவில்லை.

இந்த மரத்தைத் திட்டுவது இன்று எளிது. பட்டா நிலம் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் இதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுத்தான் பிழைத்தன. ஊரோரம் இது கிடைத்ததால் கரட்டின் உசில் மரங்கள் ஓரளவு தப்பின என்றுகூட நான் நினைப்பதுண்டு. தீமையும் நன்மையும் ஒரே முள்ளில் இருந்தன.

ஒரே குழி

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்துகளின் பின்புறம் அடுப்புக் கலன் பொருத்தி, மரக்கரியிலிருந்து வரும் வாயுவால் ஓட்டினார்கள். 'கரி பஸ்' என்று எங்கள் தந்தையர் தலைமுறை சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தக் கரிக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன.

1950இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி 'வன மகோத்சவம்' என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நாடெங்கும் மரம் நட வேண்டும் என்பது ஏற்பாடு. 1952ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

ஜூலை மாதம் வட இந்தியாவுக்கு மழைக்காலம். வேடசந்தூருக்கோ அது ஆடிக்காற்றின் காலம். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். நான் மாணவனாக இருந்தபோதும், பின்னர் ஆசிரியராகப் பணியாற்றியபோதும் ஜூலையில் மரம் நட்டோம். நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் கொடிக்கம்பத்துக்கு அருகே ஒரு குழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சிறப்பு விருந்தினர் வருவார், கன்று நடுவார், கைதட்டுவோம். அடுத்த ஆண்டு அதே குழியைச் சற்று ஆழப்படுத்துவோம். அந்த ஒரு குழியில் என் காலத்தில் மட்டும் எத்தனை கன்றுகள் வைத்தோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. அறிக்கையில் ஒவ்வொன்றும் ஒரு மரமாக ஏறியிருக்கும். அந்த அறிக்கைகளில் சிலவற்றை எழுதியவனும் நானே.

கண்மாய்க் கருவேலமும் தைல மரமும்

ஒன்றைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். 1960களிலிருந்து தமிழகக் கண்மாய்களின் உட்பரப்பில் நாட்டுக் கருவேலம் வளர்க்கும் திட்டம் நடந்தது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியபோது இது பெரிய அளவில் விரிந்தது. நாட்டுக் கருவேலம் நம் மண்ணின் மரம், ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும், கலப்பைக்கும் வண்டிக்கும் விறகுக்கும் ஆகும். மரத்தை வெட்டி விற்ற வருவாயில் பஞ்சாயத்துக்கும் பங்கு கிடைத்தது. கருவேல விதையை அப்படியே போட்டால் சரியாக முளைக்காது. ஆட்டுப் பட்டியில் கூட்டி எடுத்த விதை நன்றாக முளைக்கும். ஆட்டின் வயிற்றில் விதையின் கெட்டித் தோல் இளகிவிடுவதே காரணம். ஆட்டைக் காட்டின் பகைவனாக மட்டுமே காட்டும் பாடங்களை நடத்தும்போதெல்லாம் இதையும் மாணவர்களுக்குச் சொல்வேன்.

குறை என்னவென்றால், இது விறகுக்கான தோட்டம். வெட்டுவதற்காகவே வளர்க்கப்பட்டது. கண்மாய்க்குக் கருவேலம் பொருந்தியது போலக் கரட்டுக்கு எது பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. மேட்டு நிலங்களுக்குத் தைல மரம் வந்தது. 1974இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் அமைந்த பிறகு, காகிதக் கூழுக்காகத் தைலத் தோட்டங்கள் பல மாவட்டங்களில் பெருகின. ஒரே வயது, ஒரே இனம், நேர் வரிசை. புதரை அகற்றிவிட்டு நடுவதே முறை. பார்வைக்குப் பச்சை, அடியில் பறவைக்கும் ஆட்டுக்கும் ஒன்றுமில்லை.

1977ஆம் ஆண்டு வெள்ளத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை, அந்த ஆண்டு வந்த பெருவெள்ளத்தில் நிரம்பி, கரைக்கு மேல் நீர் வழிந்து உடைந்தது. மின்சாரம் நின்றுபோனதால் கதவுகளை முழுமையாக உயர்த்த முடியவில்லை. கைகளால் உயர்த்த முயன்றும் பலிக்கவில்லை. காடு இருந்திருந்தால் அணை உடைந்திருக்காது என்று சிலர் எழுதுவது மிகை. அவ்வளவு பெரிய மழையைப் புதர்க்காடு நிறுத்தாது. ஆனால் மழை நின்ற பிறகு நீரை மெல்ல விட்டுக்கொடுப்பது மேட்டு நிலத்தின் செடியும் மண்ணும்தான். ஒரு வாரத்தில் பாய்ந்து ஓடிவிட்டு, தை மாதத்தில் மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

1997: ஆட்டுக்காரரிடம் கேட்ட திட்டம்

1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் புதிய வனக் கொள்கை, காட்டை வருவாய்க்காக அல்லாமல் சூழலுக்காகவும் அண்டை மக்களுக்காகவும் காக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இக்கொள்கை நிலத்தில் இறங்கியது 1997இல். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டம் 2005 வரை, இரண்டாம் கட்டம் 2013 வரை நடந்தது. சிதைந்த காப்புக்காடுகளை ஒட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

இத்திட்டத்தின் சிறப்பு கன்றுகளின் எண்ணிக்கை அன்று. முதலில் தண்ணீரிலிருந்து தொடங்கினார்கள். ஓடைகளில் தடுப்பணை, சரிவின் அடியில் கசிவுநீர்க் குட்டை, மேட்டில் சம உயர வரப்பு. குட்டை நிறைந்தால் அடுத்துள்ள தோட்டக் கிணறுகளில் நீர் ஏறும். கிணற்றில் நீர் ஏறியதைக் கண்ட உழவருக்குக் காட்டை மூடி வைப்பதன் பொருள் தானாகப் புரிந்தது. விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான சிறு கடன்கள் தரப்பட்டன. எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். குழு என்பது பல இடங்களில் தலைவரின் கையொப்பத்தோடு நின்றது. திட்டப் பணம் நின்றதும் கூட்டமும் நின்ற ஊர்கள் உண்டு.

வியாழக்கிழமை அதிகாலையில் அய்யலூருக்குப் போனவர்கள் அங்கு கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்த்திருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வண்டிகள் நிற்க இடமிருக்காது. அந்த ஆடுகளில் பெரும்பகுதி இக்கரடுகளைச் சுற்றி மேய்ந்து வளர்ந்தவை. ஆகவே, இங்கே காட்டை மீட்பது என்பது ஓர் ஊரின் முழுப் பிழைப்போடு பேரம் பேசுவது. 1882இல் அந்தப் பேரம் எல்லைக் கல்லாக வந்தது. 1997இல் ஒரு கேள்வியாக வந்தது. 'மூன்று ஆண்டுக்கு இந்தச் சரிவை விட்டுக்கொடுக்க முடியுமா?' என்பதே அக்கேள்வி. விட்டுக்கொடுத்த இடங்களில் நடப்பட்ட கன்றுகளைவிட, பழைய அடிக்கட்டைகளே முதலில் எழுந்தன. என் சிறுவயதில் விறகுக் கட்டுகள் இறங்கி வந்த ஒரு கரட்டின் சரிவில், இன்று முள்ளை விலக்காமல் ஏற முடியாது. கன்று நட்ட குழிகள் பல வெறுமையாகவே உள்ளன. குழிகளுக்கு இடையில்தான் காடு வந்திருக்கிறது.

எறும்பு தின்னும் விலங்கு

மெலிந்தவரை 'தேவாங்கு மாதிரி' என்று வைவது நம் வழக்கம். வைபவர்களில் எத்தனை பேர் தேவாங்கைப் பார்த்திருப்பார்கள் என்பது ஐயம். கால் கிலோ அளவே எடையுள்ள, வாலில்லாத, இரவில் மட்டும் நடமாடும் சிறு விலங்கு அது. பெரிய வட்டக் கண்கள் உடையது. குரங்கின் தூரத்து உறவு. அபசகுனம் என்று அடிப்பதும், மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடிப்பதும் முன்பு நடந்தன. இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு.

வேடசந்தூரில் 1948 முதல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பயிருக்கு ஆய்வாளர் வந்து அரை நூற்றாண்டு கழித்தே காட்டுக்கு ஆய்வாளர் வந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் சிந்து ராதாகிருஷ்ணா, கே. ஏ. ஐ. நெக்காரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் அய்யலூர்க் காடுகளில் இரவுகளைக் கழித்துத் தேவாங்கின் வாழ்க்கையைப் பதிவு செய்தனர். மேவா சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் திண்டுக்கல் பகுதியில் நடத்திய கணக்கெடுப்பு 1999இல் வெளிவந்தது. அதுவரை தேவாங்கு என்றால் அடர்ந்த மலைக்காட்டு விலங்கு என்றே பலர் எண்ணியிருந்தனர். இங்கோ அது வேலமரங்களுக்கும் முட்புதர்களுக்கும் இடையே நல்ல எண்ணிக்கையில் இருந்தது. உணவில் பெரும்பகுதி பூச்சிகள். குறிப்பாக எறும்புகள்.

இந்த விலங்கின் உடலமைப்பில் காடு வளர்ப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேவாங்கு தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டே அடுத்த கிளைக்கு மெல்லக் கடக்கும். கிளையும் கொடியும் முள்ளும் பின்னிக் கிடந்தால்தான் அது இரை தேட முடியும். பகலில் உறங்குவதும் அந்தப் பின்னலுக்குள்ளே. மூன்று மீட்டர் இடைவெளியில் நேர் வரிசையாக, அடிப்புதர் இல்லாமல் வளர்ந்த தோட்டத்தில் எவ்வளவு பசுமை இருந்தாலும் அதற்கு வழியில்லை. தரிசு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட புதருக்குள் அது தாராளமாக வாழ்கிறது. நிலத்தின் மதிப்பை வருவாய்க் கணக்கும் விலங்கும் எவ்வளவு வேறாகப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 2022இல் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டமும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் இதில் அடங்கும். விறகுக்காகக் கூப்பு போட்ட அதே முட்காடுகள்தாம் இப்போது சரணாலயம்.

வீட்டுக்கு வந்த காட்டுச் செடிகள்

முட்காடு வெறும் முள் அன்று என்பதற்கு நம் வீட்டிலும் தோட்டத்திலும் சான்று உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தலைக்குப் போடும் அரப்பு, உசில் மரத்தின் இலைப் பொடி. மானாவாரிக் காடுகளின் வரப்பில் நிற்கும் கிளுவை, போத்து வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும் கரட்டுச் செடி. கார்த்திகையில் வேலியெங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தள், நாம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் அதே கொடி. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பக்கங்களில் இன்று அது விலை உயர்ந்த மருந்துப் பயிர். விதை ஏற்றுமதியாகிறது. அக்கொடி படர்வதற்கு ஊன்றுகோலாக நடுவதும் கிளுவையும் விராலியுமே. புதர்க்காட்டின் மூன்று செடிகளை எடுத்து வயலில் சிறு புதர்க்காடு ஒன்றை உழவர்கள் அமைத்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். கிழங்கைக் காட்டில் தோண்டித் தோண்டி எடுத்ததால் காட்டுக் காந்தள் அரிதானது இக்கதையின் மறுபக்கம்.

நாற்றங்கால்களில் இச்செடிகளைக் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. புங்கு, வேம்பு, நாவல், மருது, மகிழம், தேக்கு ஆகியவை கிடைக்கும். நல்ல மரங்கள்தாம். சாலையோரத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் ஆற்றங்கரைக்கும் பொருந்தும். கரட்டின் சரளை மண்ணில் மருதுக்கு என்ன வேலை? வெள்வேல், குடைவேல், உசில், விடத்தலை, காரை, சூரை என்று அந்த மண்ணுக்கே உரியவற்றை முள் என்று ஒதுக்குகிறோம்.

2017க்குப் பின்

2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. எங்கும் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. எதனால் அந்த இடத்தை நிரப்புவது என்ற ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. அதே ஆண்டில் தலைமை நீதிபதி அமர்வு அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வேரோடு போகாத மரங்கள் அடுத்த மழையில் துளிர்த்தன. 2022இல் வெளியான அயல் தாவரங்கள் பற்றிய மாநிலக் கொள்கை, அகற்றுவதோடு அந்த இடத்தின் இயற்கைத் தாவரத்தை மீட்பதையும் சேர்த்துப் பேசியது நல்ல மாற்றம்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. 1952ஆம் ஆண்டு வனக் கொள்கையின் மூன்றில் ஒரு பங்கு என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், நம் வட்டத்துக்கு அடுத்த ஒட்டன்சத்திரம் பகுதியின் இடையகோட்டையில், ஆயிரக்கணக்கானோர் கூடி நான்கு மணி நேரத்தில் 6 லட்சம் மரக்கன்றுகளை நட்டு உலக சாதனை படைத்தனர். மாணவர்களும் பெருமளவில் பங்கேற்றனர். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டது சிறிய செய்தி அன்று. டிசம்பரில் நட்டதும் சரி, எங்கள் ஜூலை மாதத்தைவிட அறிவுள்ள மாதம் அது. ஆனால் சாதனை நான்கு மணி நேரத்துக்கு எழுதப்படுகிறது. கன்றுக்குக் கோடைகள் இருக்கின்றன. அந்த இடத்தைப் பத்தாம் ஆண்டில் யாரேனும் எண்ணி எழுதினால்தான் இக்கட்டுரையின் இப்பகுதியை நிறைவு செய்ய முடியும்.

உலகில் பிற இடங்களிலும் இவ்விரண்டு முறைகளும் உள்ளன. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1968க்குப் பின் வெறுஞ்செம்மண்ணில் தொடங்கியவர்கள், முதலில் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். பிழைத்து வளரும் ஆஸ்திரேலிய வேல இனங்களை முன்னோடியாக நட்டார்கள். அதன் நிழலில் கீழைக் கடற்கரைக்கே உரிய நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே மண்ணுக்குள் வேரே மிஞ்சவில்லை, ஆகவே நட்டே தீர வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980களிலிருந்து உழவர்கள் தங்கள் வயலில் உயிரோடிருந்த பழைய அடிக்கட்டைகளின் தளிர்களை வெட்டாமல் விட்டுப் பல லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டனர். வேடசந்தூரின் கரடுகள் இவ்விரண்டில் நைஜருக்கே நெருங்கியவை. வேர் இன்னும் இருக்கிறது. கல்குவாரி தோண்டிய குழிகளும் மேல்மண் வழித்தெடுத்த இடங்களும் மட்டுமே ஆரோவில்லைப் போல முதலிலிருந்து தொடங்க வேண்டியவை.

சரணாலயத்தின் எல்லைக்குள் இருப்பவை காப்புக்காடுகள். அவற்றுக்கிடையே பட்டா நிலங்களும் சாலைகளும் உள்ளன. ஒரு கரட்டிலிருந்து அடுத்த கரட்டுக்குத் தேவாங்கு கடந்ததெல்லாம் அந்தத் தோட்டங்களின் கிளுவை வேலி வழியாகத்தான். சில ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் நிலம் கைமாறும்போது முதலில் நடக்கும் வேலை, வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் ஊன்றிக் கம்பி கட்டுவது. சென்ற மாசியில் வடமதுரைச் சாலையில் அப்படிப் பிடுங்கிப் போட்ட கிளுவைக் கட்டைகள் குவியலாகக் கிடந்தன. மழையே இல்லாத மாதத்தில், மண்ணில் படாமல் கிடந்த நிலையிலும் சில கட்டைகளில் தளிர் விட்டிருந்தது. நான்கைந்தை எடுத்துவந்து என் வீட்டுக் கொல்லையில் ஊன்றியிருக்கிறேன்.